எண்ணெய் மாற்றும் கணக்கும் படுவான்கரைப் புழுதியும்

செங்கலடியில் இருந்து பதுளை வீதியால் மேற்கு நோக்கிப் பயணித்து, கறுப்புப் பாலத்தைக் கடந்து கரடியனாற்றை அடையும் எவரும் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. நெல் மூடைகள், பாற்கலன்கள், மரக்கறிக் கூடைகள், செங்கல், விறகு, சில வேளைகளில் கயிறு கட்டிய இரண்டு எருமைகள் என எதையேனும் ஏற்றியபடி கெப் ரக வாகனங்கள் வந்துபோகின்றன. அவற்றிற் சில கரடியனாற்று விவசாயிகளுக்கு உரியவை. வேறு சில ஏறாவூரில் இருந்து நெல்லும் மாடும் வாங்க வரும் வியாபாரிகளுக்கு உரியவை. வெள்ளாமை வெட்டும் காலத்தில் தமிழ் விவசாயியின் வரம்போரத்தில் முஸ்லிம் வியாபாரியின் வாகனம் காத்து நிற்பதும், வயலில் ஏற்றிய மூடை அன்றிரவே ஏறாவூர் ஆலையைச் சென்றடைவதும் இப்பிரதேசத்தின் அன்றாட வாழ்க்கை. அந்த வாகனம் நடுவழியில் நின்றுவிட்டால் நட்டம் இருவருக்கும்தான்.

இவ்வாகனங்களில் அநேகமானவற்றின் முன்கண்ணாடி மூலையில் ஒரு சிறிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அடுத்த எண்ணெய் மாற்றம் எத்தனையாவது கிலோமீற்றரில் என்பதை அது கூறும். பெரும்பாலும் முன்னைய எண்ணுடன் 5,000 ஐக் கூட்டி எழுதப்பட்டதே அந்த எண். அதை வேதவாக்காகக் கொள்பவர்கள் உண்டு. எண்ணெய் கறுத்துவிட்டதே என்று 2,000 கிலோமீற்றரிலேயே மாற்றிவிடுபவர்களும் உண்டு. வாகனம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று 12,000, 15,000 வரை இழுத்துச் செல்பவர்களும் உண்டு. இம்மூன்று சாராரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே: அந்த வாகனம் எந்த வீதியில், எவ்வளவு சுமையுடன், எந்த எரிபொருளில் ஓடுகிறது?

ஆசிரிய பீடப் பக்கத்தில் வாகன எண்ணெய் பற்றியா எழுதுவது என்று சிலர் வியக்கக்கூடும். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியின் நிமித்தம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இந்த ஐந்தாண்டு காலத்தில் நாட்டில் இருந்த வாகனங்கள் முதுமையடைந்தன, ஆனால் அவற்றின் விலையோ குறைவதற்குப் பதிலாக ஏறியது. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது எண்ணெய், வடிகட்டி, உதிரிப்பாகம் என இறக்குமதியில் தங்கியிருந்த அனைத்தும் விலையேறின. வீட்டுச் செலவுக்கே திண்டாடிய குடும்பங்கள் வாகனத்தின் எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்டதில் வியப்பில்லை. ஆனால் லீசிங் தவணை தள்ளிப்போவதில்லை. எஞ்சின் இறுகி வாகனம் கராஜில் கிடக்கும் மாதத்திலும் தவணைப் பணத்தைக் கட்டித்தான் ஆகவேண்டும். சிறு வாகனமொன்றை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல.

எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பதை முதலில் நோக்குவோம். உலோகமும் உலோகமும் நேரடியாக உராயாமல் தடுப்பது அதன் முதற்பணி. கிராங் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையில் நிற்கும் எண்ணெய்ப் படலம் ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்குகூட இராது. அவ்வளவு மெல்லிய படலமே ஒரு தொன் சுமையுடன் வாகனம் மேடேறும்போது முழு அமுக்கத்தையும் தாங்குகிறது. பிஸ்டன்களின் வெப்பத்தை எடுத்துச் செல்வதும் எண்ணெயே. டர்போ பொருத்திய டீசல் எஞ்சின்களில் நிமிடத்துக்கு 100,000 தடவைகளுக்கும் மேல் சுழலக்கூடிய டர்போவின் அச்சு மிதப்பதும் இதே எண்ணெயில்தான். இவற்றுக்கு அப்பால், தகனத்தின்போது உண்டாகும் புகைக்கரியைச் சிறு துணிக்கைகளாகப் பிரித்துத் தன்னுள் மிதக்கவைத்தல், எரிபொருளில் உள்ள கந்தகத்தால் தோன்றும் அமிலங்களை நடுநிலையாக்குதல் ஆகிய பணிகளை எண்ணெயிற் கலக்கப்பட்டுள்ள இரசாயனச் சேர்க்கைகள் செய்கின்றன.

இங்கேதான் பலரும் தவறு விடுகின்றனர். எண்ணெய் ‘தேய்ந்து’ போவதில்லை. அதிலுள்ள சேர்க்கைகளே தீர்ந்துபோகின்றன. அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை சிறிது சிறிதாகக் குறைகிறது. வெப்பத்தால் ஒட்சியேற்றம் நிகழ்ந்து பிசுக்குமை மாறுகிறது. மிதக்கவைக்கக்கூடிய அளவைக் கரி தாண்டும்போது அது ஒன்றுதிரண்டு சேறாகிப் படிகிறது. அந்நிலை வந்தபின்னரும் எண்ணெய் அளவுக் கம்பியில் அளவு சரியாகவே காட்டும். கையில் தொட்டால் வழுவழுப்பாகவே இருக்கும். இருப்பினும் உள்ளே பாதுகாப்பு இல்லை.

நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் இதே காரணத்தினால் பொருந்தாது. டீசல் எஞ்சினில் ஊற்றிய புதிய எண்ணெய் சில நூறு கிலோமீற்றர்களிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, அதாவது தன் வேலையைச் செய்கிறது என்பதே அதன் அர்த்தம். கறுப்பைக் கண்டு பதறி எண்ணெயைக் கொட்டுபவர், அதன் ஆயுளில் பெரும்பகுதியை வீணாக்குகிறார். உண்மையில் அச்சப்பட வேண்டிய நிறம் வேறு. கம்பியில் பால் கலந்த தேநீர் போன்ற நிறம் தென்படுமானால் எண்ணெயுடன் நீர் கலந்துள்ளது என்று பொருள். ஹெட் கஸ்கட் பழுதாகி றேடியேற்றர் நீர் உட்புகுந்திருக்கலாம், அல்லது வெள்ளத்தில் ஓடியதன் விளைவாக இருக்கலாம். அதேபோன்று எண்ணெயின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போனால், டீசல் வாசனையும் வீசினால், இஞ்செக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்விரு சந்தர்ப்பங்களிலும் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்ற கேள்விக்கே இடமில்லை. காரணத்தைத் திருத்தி, எண்ணெயை உடனடியாக மாற்றுவதே வழி.

சரி, எண்களுக்கு வருவோம். அமெரிக்காவில் பல தசாப்தங்களாக நிலவிய வழக்கம் 3,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது. அது ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர். நமது 5,000 உம் அதற்கு அருகிலேயே நிற்கிறது. எண்ணெயின் தரமும் எஞ்சினின் நுட்பமும் முன்னேறிய பின்னர் அந்த வழக்கம் தேவையற்ற விரயம் என்று கூறி, வாகனக் கைநூல் குறிப்பிடும் எண்ணைப் பின்பற்றுமாறு கலிபோர்னியா மாநில அரசே பிரசாரம் செய்தது. இன்று டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்கும் பல பெற்றோல் வாகனங்களுக்கு, செயற்கை எண்ணெய் பாவிக்கும் பட்சத்தில், 10,000 மைல் அல்லது ஓராண்டு என்கிறது. ஆனால் அதே கைநூலில் இன்னொரு வரியும் உண்டு. புழுதி வீதியில் ஓடுபவர்களும், இழுவைச் சுமை ஏற்றுபவர்களும், நெடுநேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பவர்களும் அதில் பாதியான 5,000 மைலில் மாற்ற வேண்டும் என்பதே அது. முதல் வரியை விளம்பரம் பெரிதாகச் சொல்லும். இரண்டாவது வரியை வாசகர்தான் தேடிப் படிக்க வேண்டும்.

ஒரே வாகனத்துக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு எண்கள் கூறப்படுவதும் கவனிக்கத்தக்கது. நம்மவர் பெரிதும் விரும்பும் டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் வாகனத்துக்குப் பிரித்தானியாவில் 10,000 மைல், அதாவது சுமார் 16,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்று கூறப்படுகிறது. அவுஸ்திரேலியாவிலோ 10,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். புழுதியும் வெப்பமும் நீண்ட கரடுமுரடான பாதைகளும் நிறைந்த அவுஸ்திரேலியாவுக்கு நிறுவனமே எண்ணைக் குறைத்து வைத்துள்ளது. ஜப்பானிய உற்பத்தியாளர்களின் நடைமுறை இதனினும் தெளிவானது. ‘கடும் பாவனை’ என்று ஒரு வகையை அவர்கள் வரையறுத்துள்ளனர். மொத்த ஓட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மணல், கிரவல், சேறு போன்ற வீதிகளில் ஓடுவது, மலைப்பாதைகளில் அடிக்கடி ஏறியிறங்குவது, ஒவ்வொரு தடவையும் 8 கிலோமீற்றருக்குக் குறைவான குறும் பயணங்களே பெரும்பாலாக இருப்பது போன்றவை அதில் அடங்கும். இதில் ஒன்று பொருந்தினாலே எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பொதுவாகப் பாதியாக்க வேண்டும் என்பது அவர்களின் விதி.

இவ்வரைவிலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரடியனாற்றைப் பார்ப்போம். பதுளை வீதி இன்று காபட் இடப்பட்டுச் சீராக உள்ளது. போர்க்காலத்தில் கறுப்புப் பாலத்தின் சோதனைச் சாவடியுடன் சேர்த்தே நினைவுகூரப்பட்ட அந்த வீதியை இளந்தலைமுறையினர் அடையாளம் காண்பதே அரிது. ஆயினும் வாகனத்தின் வேலை பிரதான வீதியில் அல்ல. உறுகாமம், உன்னிச்சைக் குளங்களின் கீழுள்ள வயல்களுக்கும், மாட்டுப் பட்டிகளுக்கும், சேனைகளுக்கும் பிரியும் கிரவல் பாதைகளிலும் குளக்கட்டுகளிலும்தான் அதன் நாளின் பெரும்பகுதி கழிகிறது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது முன்னே செல்லும் உழவு இயந்திரம் எழுப்பும் புழுதியில் பின்னே வருபவருக்கு வழியே தெரியாது. 30 சதவீதம் என்ன, அறுவடைக் காலத்தில் 70 சதவீத ஓட்டமும் அப்பாதைகளிலேயே அமையக்கூடும். ஆகவே இப்பிரதேசத்துக் கெப் வாகனங்களில் அநேகமானவை, உரிமையாளர் அறிந்தோ அறியாமலோ, ‘கடும் பாவனை’ வகையைச் சேர்ந்தவையே.

புழுதி எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு பகையாகிறது? வீதிப் புழுதியில் மிகுந்திருப்பது படிக மணலின் நுண்துகள். எஞ்சினுக்குள் உள்ள பெரும்பாலான உலோகங்களைவிட அது கடினமானது. காற்று வடிகட்டியில் ஒரு சிறு கிழிசல் இருந்தாலும், வடிகட்டிப் பெட்டியின் மூடி சரியாக இறுகாவிட்டாலும் அத்துகள் சிலிண்டருக்குள் நுழைகிறது. அங்கு பிஸ்டன் வளையங்களை அராவி, எண்ணெயுடன் கலந்து பெயாரிங்குகளுக்குச் செல்கிறது. மேலே கூறிய மெல்லிய படலத்தைவிடப் பெரிய துகளுக்கு அந்த இடைவெளியில் அரம் போன்று தேய்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. ஆதலால் எண்ணெயை மாத்திரம் அடிக்கடி மாற்றி, காற்று வடிகட்டியைக் கவனியாது விடுபவர் கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைப்பவரை ஒத்தவர். கச்சான் காலத்தில் வாரம் ஒருமுறையேனும் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காற்றடித்துத் துப்புரவாக்குவதாயின் உட்புறத்தில் இருந்து வெளிப்புறமாக, குறைந்த அமுக்கத்தில் அடிக்க வேண்டும். சேர்விஸ் நிலையங்களில் முழு வேகத்தில் வெளியிலிருந்து அடிப்பதைப் பல தடவைகள் காண நேர்கிறது. அது புழுதியை உள்ளே தள்ளுவதுடன் தாளையும் கிழித்துவிடுகிறது.

அடுத்தது சுமையும் நேரமும். கிலோமீற்றர் மானி வாகனம் கடந்த தூரத்தை மட்டுமே அறியும். எஞ்சின் ஓடிய நேரத்தை அது அறியாது. நெல் ஏற்றும்போது வயலோரத்தில் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு மணித்தியாலம் காத்திருப்பது நம்மிடையே சாதாரணம். ‘ஸ்டார்ட்டர் பலவீனம், நிறுத்தினால் திரும்ப எடுக்காது’ என்பது வழமையான விளக்கம். அந்த ஒரு மணித்தியாலத்தில் மானி அசைவதில்லை, ஆனால் எண்ணெயில் கரியும் எரியாத டீசலும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் தனது டீசல் பிக்அப் வாகனங்களுக்கு, நின்றபடி ஓடும் ஒரு மணித்தியாலத்தைச் சுமார் 25 மைல் ஓட்டத்துக்குச் சமமாகக் கொள்ளுமாறு கூறியுள்ளது. இது 40 கிலோமீற்றர். ஓர் உதாரணத்துக்கு, நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் ஓடி, இரண்டு மணித்தியாலம் நின்றபடி எஞ்சினை ஓடவிடும் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் கணக்கில் அது நாளொன்றுக்கு 110 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. மானி 3,000 ஐக் காட்டும்போது எஞ்சின் 11,000 ஐக் கண்டுவிட்டது. அதிகாலையில் பட்டிக்குப் பட்டி நின்று பால் சேகரிக்கும் வாகனங்களின் நிலையும் இதுவே.

எரிபொருளின் பங்கையும் மறப்பதற்கில்லை. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, தகனத்தில் உண்டாகும் நீராவியுடன் சேர்ந்து அமிலமாகிறது. 2018 இல் யூரோ 4 தரத்துக்கு உயர்த்தப்பட்ட சுப்பர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. சாதாரண ஒட்டோ டீசலில் அதனினும் அதிகம். நமது கெப் வாகனங்களில் பெரும்பாலானவை குடிப்பது ஒட்டோ டீசலையே. இங்கு எண்ணெய்க் கலனின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள தரக்குறியீடு முக்கியமாகிறது. அமெரிக்க பெற்றோலிய நிறுவகத்தின் வகைப்படுத்தலில் டீசல் எண்ணெய்களின் குறியீடு ‘சி’ என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். சிஎஃப்-4 என்பது 1990 இல் வந்தது. இன்று காலாவதியானதாகக் கணிக்கப்படுகிறது. சிஐ-4 என்பது 2002 இலும், சிகே-4 என்பது 2016 இலும் வந்தவை. புதியது எப்போதும் சிறந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் சிகே-4 எண்ணெயை, பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் கந்தகம் கொண்ட டீசலுடன் பாவித்தால் மாற்றும் இடைவெளி பாதிக்கப்படலாம் என்று அந்நிறுவகமே எச்சரிக்கிறது. சிஐ-4 எண்ணெயோ பத்து இலட்சத்தில் 5,000 பங்கு வரை கந்தகம் உள்ள டீசலையும் கருத்திற் கொண்டு வகுக்கப்பட்டது. புகைபோக்கியில் கரி வடிகட்டி பொருத்தப்படாத சற்றுப் பழைய கெப் வாகனத்தை ஒட்டோ டீசலில் ஓட்டுபவருக்கு, விலையுயர்ந்த புதிய தரத்தைவிட, தரமான சிஐ-4 எண்ணெயே பொருத்தமாக அமையக்கூடும். கரி வடிகட்டி உள்ள புதிய வாகனங்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குக் கைநூல் கூறும் எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

15டபிள்யூ-40 என்றும் 5டபிள்யூ-30 என்றும் எழுதப்படுவது பிசுக்குமையைக் குறிப்பது. முதல் எண் குளிர்நிலையிலும் இரண்டாவது எண் வெப்பநிலையிலும் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. மட்டக்களப்பின் குளிருக்காக முதல் எண்ணைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையில்லை.

எரிபொருள் பற்றிய பேச்சில் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல முடியவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டியவர்கள் நம்மவர்கள். இல்லாமையில் இயந்திரத்தை உயிரோடு வைத்திருந்த அந்த நுட்பம் மெச்சத்தக்கதே. ஆனால் அக்காலத்து எளிய எஞ்சின் தாங்கியதை இன்றைய உயர் அமுக்க டீசல் எஞ்சின் தாங்காது. அந்நாளைய துணிவை இந்நாளைய வாகனத்தில் பரீட்சிப்பவர் ஒரு பெரிய செலவுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

அவ்வாறாயின் எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது? எமது கருத்து இதுதான். சாதாரண கனிய எண்ணெயையும் ஒட்டோ டீசலையும் பாவித்து, கரடியனாறு போன்ற இடத்தில் சுமையேற்றும் கெப் வாகனத்துக்கு 5,000 கிலோமீற்றர் என்பது உச்சவரம்பு. அறுவடை மாதங்களில் புழுதியும் காத்திருப்பும் மிகும்போது, குறிப்பாக எஞ்சின் பழையதாயின், 3,000 முதல் 4,000 இல் மாற்றுவது விரயமல்ல. மறுபுறம், ஏறாவூருக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையில் தார் வீதியில் மட்டும் ஓடி, நல்ல செயற்கை எண்ணெயும் சுப்பர் டீசலும் பாவிப்பவர் 2,500 இல் மாற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அவர் கைநூல் கூறும் எண் வரை செல்லலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வாகனத்துக்கு நிறுவனம் எழுதித் தந்த எண்ணே இறுதியானது. எண்ணெயை மாற்றும் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றியே ஆகவேண்டும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பழைய வடிகட்டியை விட்டுவைத்தால் அதில் தேங்கிய அழுக்கு எண்ணெய் முதற் சுற்றிலேயே புதிய எண்ணெயுடன் கலந்துவிடும்.

கிலோமீற்றர் நிறையாவிட்டாலும் ஆறு மாதத்தைத் தாண்டவிடலாகாது என்பது இதன் மறுபாதி. வேலையில்லாத காலத்தில் முற்றத்தில் நிற்கும் வாகனத்தின் எண்ணெயிலும் ஈரமும் அமிலமும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். விவசாயிகளுக்கு நாட்காட்டி தேவையில்லை, போகங்களே போதும். பெரும்போக அறுவடை பங்குனியில் முடிந்ததும் ஒரு தடவை, சிறுபோக நெல் ஏறி முடிந்ததும் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் இரண்டு பெரும் உழைப்புக் காலங்களின் அழுக்கும் அவ்வப்போதே வெளியேறிவிடும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் வாகனம் இறங்க நேர்ந்தால் கணக்கு மாறும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அது எவ்வளவு உயரம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. நீரில் மூழ்கி நின்ற வாகனத்தை, அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்வது மட்டும் கூடாது.

அளவுக் கம்பியைப் பார்ப்பதற்கும் முறையுண்டு. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, கம்பியைத் துடைத்து மீண்டும் செருகி எடுக்க வேண்டும். இரு குறிகளுக்கும் இடையில் எண்ணெய் நின்றால் போதும். மேற்குறியைத் தாண்ட ஊற்றுவதும் தீமையே. சுமையுடன் வேகமாக வந்து நின்றவுடன் எஞ்சினை அணைக்காமல், டர்போ ஆறுவதற்கு ஒரு நிமிடம் அவகாசம் கொடுப்பது நல்லது. ஒரு நிமிடம்தான், மேலே சொன்ன ஒரு மணித்தியாலம் அல்ல.

இவ்வளவையும் கடைப்பிடித்தாலும், ஊற்றுவது போலி எண்ணெயாக இருந்தால் பயனில்லை. பாவித்த எண்ணெயை வடித்து நிறமூட்டி, பெயர்பெற்ற நிறுவனங்களின் வெற்றுக் கலன்களில் அடைத்து விற்கும் மோசடி நாட்டின் பல பாகங்களிலும் அவ்வப்போது பிடிபடுகிறது. எண்ணெயைக் கலனாக வாங்கி, மூடியின் முத்திரையைப் பார்த்து, தம் கண்முன்னே உடைத்து ஊற்றச் செய்வதே பாதுகாப்பு. பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. வெற்றுக் கலனைக் கடையிலேயே விட்டுவிடாது ஆணியால் துளையிட்டுவிட்டால் அது மீண்டும் மோசடிக்காரரின் கைக்குப் போகாது. சந்தேகம் எழுந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பெரலில் இருந்து அளந்து ஊற்றும் எண்ணெய் மலிவுதான். ஆனால் அது என்ன தரம் என்று விற்பவருக்கே தெரியாதபோது வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

கைநூலைப் படியுங்கள் என்று மேலே பல தடவை எழுதினோம். அது எளிதான காரியமா? ஜப்பானில் இருந்து பாவித்த நிலையில் வந்த வாகனங்களின் கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. ஏனையவற்றுக்கு ஆங்கிலத்தில். பல வாகனங்களில் கைநூலே இல்லை. மூன்றாவது கைக்கு மாறும்போது அது எங்கோ தொலைந்துவிட்டது. ஆகப் படுவான்கரை விவசாயியும் ஏறாவூர் வியாபாரியும் நம்பியிருப்பது முன்கண்ணாடிச் சீட்டையும், பழக்கமான மெக்கானிக்கின் வாய்ச் சொல்லையும்தான். கோடிக்கணக்கில் வாகனம் விற்கும் முகவர் நிறுவனங்கள் இரண்டு பக்கத் தமிழ்ப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றைக்கூடத் தர இயலாதவை என்று எம்மால் நம்ப முடியவில்லை. சிங்களத்தில் சில நிறுவனங்கள் தருகின்றன. தமிழில் கேட்டால்தான் கிடைக்கும் போலும். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும். கரடியனாற்றில் இயங்கும் விவசாயப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் பயிர்ச்செய்கை வகுப்புகளுடன் வாகன, உழவு இயந்திரப் பராமரிப்புக்கும் ஒரு நாளை ஒதுக்கினால் வரவேற்பு இராமற் போகாது.

இறுதியாக, வடித்தெடுத்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்வி. கெப் வாகனமொன்றில் எண்ணெயின் கொள்ளளவு பொதுவாக 6 முதல் 8 லீற்றர். ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் வாகனம் 5,000 க்கு ஒருமுறை மாற்றினால் சுமார் 21 லீற்றர் கழிவு எண்ணெய் வெளியேறும். தேவையின்றி 2,500 இல் மாற்றினால் அது 42 லீற்றர். வேலிக் கம்புகளுக்குக் கறையான் பிடிக்காதிருக்கப் பூசுவதும், புழுதி அடங்க முற்றத்தில் தெளிப்பதும், மிகுதியைக் கானில் ஊற்றுவதும் நம்மிடையே வழக்கம். அதில் ஈயம் உள்ளிட்ட உலோகத் துகள்களும் புற்றுநோயை உண்டாக்கவல்ல ஐதரோகாபன்களும் கலந்துள்ளன. ஒரு தடவை மாற்றிய எண்ணெய் 10 இலட்சம் கலன் நன்னீரை மாசுபடுத்தப் போதுமானது என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் நீண்டகால எச்சரிக்கை. கரடியனாற்றின் கான்களில் ஊற்றப்படுவது முதல் மழையுடன் வயலுக்கும், வாய்க்காலுக்கும், முடிவில் மட்டக்களப்பு வாவிக்கும் சென்றடைகிறது. அந்த வாவியின் மீனும் இறாலும் காத்தான்குடியிலும் கல்லடியிலும் ஏறாவூரிலும் ஒரே நாளில் சட்டியில் ஏறுகின்றன.

கழிவு எண்ணெய் 2008 ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகளின் கீழ் அட்டவணைப்படுத்தப்பட்ட ஆபத்தான கழிவு. அதைச் சேகரிக்கவும் கையாளவும் அனுமதிப்பத்திரம் தேவை. சீமெந்துச் சூளைகள் போன்ற இடங்களில் அதை எரிபொருளாக்கும் வழியும் நாட்டில் உண்டு. குறைவது நடுவிலுள்ள கண்ணியே. செங்கலடியிலும் ஏறாவூரிலும் உள்ள சேர்விஸ் நிலையங்கள் தம் பெரல்களைக் கொழும்பில் இருந்து வரும் சேகரிப்பாளர்களுக்கு விற்கலாம். வயலோரத்தில் தாமே எண்ணெய் மாற்றும் விவசாயிக்கு அந்த வசதி இல்லை. ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபை, கமநல சேவை நிலைய வளவில் மூடியிட்ட ஒரு பெரலையும் ஒரு புனலையும் வைத்து, நிரம்பியதும் அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்கு விற்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். அதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. விற்ற பணம் சபைக்கே சேரும்.